நாயும் ரத்தம் கொடுக்கும்: செல்லப்பிராணிகளின் ரத்த தானம் பற்றி ஓர் அறிமுகம்

"சார், உடனே ரத்தம் ஏத்தணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது நல்ல ஆரோக்கியமான பெரிய நாய் இருக்கா?"

கால்நடை மருத்துவர் இப்படிக் கேட்கும்போதுதான், நாய்க்கும் ரத்தம் ஏற்றுவார்கள் என்பதே பலருக்கும் தெரியவருகிறது. அந்த ரத்தம் இன்னொரு நாயின் உடலிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் அப்போதுதான் உறைக்கிறது. பிறகு வாட்ஸ்அப் குழுக்களில் வேண்டுகோள் பறக்கும். யாரோ ஒரு நல்ல மனிதர் தன் லாப்ரடாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். சில நேரம் வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

இந்தக் கடைசி நேர ஓட்டத்தைக் குறைக்க முடியும். அதற்கு நாய் வளர்ப்பவர்கள் சில அடிப்படை விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

எப்போது தேவைப்படுகிறது?

நம் ஊரில் முதல் காரணமாக நான் சொல்வது உண்ணிக் காய்ச்சலை. நாயின் காதோரத்திலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு உண்ணி, கடிக்கும்போது எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகளை உடலுக்குள் செலுத்திவிடுகிறது. பபீசியா சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். எர்லிக்கியா வெள்ளையணுக்களில் குடியேறி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்து, நோய் முற்றினால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். நாய் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது, மூக்கில் ரத்தம் வரும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு வெளுத்துக் கிடக்கும். கிருமியைக் கொல்ல மருந்து உண்டு. ஆனால் மருந்து வேலை செய்யும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்க ரத்தம் வேண்டும்.

அடுத்தது ரத்த இழப்பு. வண்டியில் அடிபட்டு உள்ளே ரத்தக் கசிவு ஏற்பட்ட நாய்கள், மண்ணீரலில் வளர்ந்த கட்டி வெடித்த வயதான நாய்கள், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நாய்கள் எல்லாம் இதில் அடங்கும். புரோமடியோலோன் கலந்த எலி மருந்துக் கட்டியைத் தின்றுவிட்ட நாய்க்கு ரத்தம் உறையும் தன்மையே போய்விடும். அதற்கு வைட்டமின் கே முக்கிய மருந்து. அது வேலை செய்யத் தொடங்கும்வரை, உறைய வைக்கும் புரதங்கள் நிறைந்த, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா உதவும். டாபர்மேன் நாய்களில் பரம்பரையாக வரும் ரத்தம் உறையாக் குறை ஒன்று உண்டு. அவற்றுக்குச் சாதாரண அறுவைச் சிகிச்சைகூட ஆபத்தாகலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சிவப்பணுக்களை அழிக்கும் நோயும் நாய்களுக்கு வரும்.

எவ்வளவு ரத்தம்?

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடத்தை நிரப்பியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணை மருத்துவர்கள் பி.சி.வி. என்பார்கள். ஆரோக்கியமான நாய்க்கு இது ஏறக்குறைய 37 முதல் 55 வரை இருக்கும். 20-க்குக் கீழே இறங்கும்போது ரத்தம் ஏற்றுவது பற்றிய பேச்சு வரும். ஆனால் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. மெதுவாகக் குறைந்து 15-க்கு வந்த நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும். ஒரே நாளில் 22-க்கு விழுந்த நாய் மூச்சு வாங்கிப் படுத்திருக்கும். மருத்துவர் நாயைத்தான் பார்ப்பார், எண்ணை அதோடு சேர்த்துப் பார்ப்பார்.

தோராயக் கணக்கு ஒன்று உண்டு. நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 மில்லி முழு ரத்தம் ஏற்றினால் பி.சி.வி. ஒரு புள்ளி உயரும். 20 கிலோ நாய்க்கு 10-லிருந்து 20-க்கு உயர்த்தவேண்டுமென்றால் 400 மில்லி வேண்டும். பெரிய நாய் ஒன்று ஒரு தடவையில் கொடுக்கக்கூடிய அளவு ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு நாயைக் காப்பாற்ற இன்னொரு நாயின் முழு தானமும் தேவைப்படும் நாட்கள் இருக்கின்றன என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நாய்க்கும் ரத்தப் பிரிவு உண்டு

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும்.

மனிதர்களுக்கு ஏ, பி, ஓ இருப்பது நாய்களுக்குக் கிடையாது. நாய்களின் சிவப்பணுக்களின் மேல் இருக்கும் அடையாளப் பொருட்களுக்கு டி.இ.ஏ. 1, 3, 4, 5, 7 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அவற்றோடு 'டால்' என்று 2007-இல் அறியப்பட்ட ஒன்றும் சேர்ந்திருக்கிறது. டால்மேஷன் நாய்களில் பல அது இல்லாமல் பிறப்பதால் அந்தப் பெயர். இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒரே நாய்க்கு 1-உம் இருக்கலாம், 4-உம் இருக்கலாம், 7 இல்லாமலும் போகலாம்.

நடைமுறையில் முதலில் பார்க்கவேண்டியது டி.இ.ஏ. 1 இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும். இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். மருத்துவமனையிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடிய சோதனைப் பட்டைகள் இருக்கின்றன. நெகட்டிவ் ரத்தத்தை இரு வகை நாய்களுக்கும் கொடுக்கலாம். பாசிட்டிவ் ரத்தம் பாசிட்டிவ் நாய்க்கு மட்டும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: "முதல் தடவை எந்த நாய் ரத்தத்தையும் எந்த நாய்க்கும் ஏற்றலாம், ஒன்றும் ஆகாது." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. மனிதர்களின் உடலில் தவறான பிரிவு ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் பிறந்த சில மாதங்களிலேயே தயாராகிவிடுகிறது. டி.இ.ஏ. 1 விஷயத்தில் நாய்க்கு அப்படி இல்லை. அதனால் நெகட்டிவ் நாய்க்கு முதல் தடவை பாசிட்டிவ் ரத்தம் ஏற்றினால் உடனே பெரிய விபரீதம் பெரும்பாலும் நடப்பதில்லை. ஆனால் அந்த நாயின் உடல் அடுத்த சில நாட்களில் எதிர்ப்பொருளைத் தயாரித்துவிடும். ஏற்றிய ரத்தம் நீடிக்கவேண்டிய காலத்துக்கு முன்பே அழியும். அடுத்த முறை அதே வகை ரத்தம் உள்ளே போனால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து, அதிர்ச்சி நிலைக்குப் போய், நாய் இறந்தும் போகலாம். முதல் தடவையை வீணடித்தால் இரண்டாவது வாய்ப்பையும் சேர்த்து இழக்கிறோம்.

ஆகவே முதல் தடவையும் பிரிவு பார்த்து ஏற்றுவதுதான் சரி. ஏற்கெனவே ரத்தம் ஏற்றப்பட்டு நான்கு நாட்களுக்கு மேல் ஆன நாயாக இருந்தால், பிரிவு பார்ப்பதோடு கிராஸ் மேட்ச் என்ற பொருத்தச் சோதனையும் கட்டாயம். கொடுக்கும் நாயின் சிவப்பணுவையும் வாங்கும் நாயின் பிளாஸ்மாவையும் கலந்து, அவை கட்டி தட்டுகின்றனவா, உடைகின்றனவா என்று பார்ப்பதுதான் அது.

எந்த நாய் கொடுக்கலாம்?

நாயின் உடலில் ஒரு கிலோ எடைக்கு 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். 30 கிலோ நாய்க்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர். மனிதர்களுக்குப் பயன்படுத்துவது போன்ற பையில்தான் 450 மில்லி எடுக்கிறார்கள். ஐந்து லிட்டர் உள்ள நமக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 30 கிலோ நாய்க்கோ ஆறில் ஒரு பங்குக்கு மேல். நாயின் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருந்து தேவைப்படும்போது வெளியே தள்ளும் என்பதால் நாயால் இதைத் தாங்க முடிகிறது. ஆனாலும் எடை விதியை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "நம்ம நாய் 18 கிலோதான், ஆனா நல்லா திடமா இருக்கான்" என்று சொல்லி முழுப் பையையும் நிரப்பவிடாதீர்கள்.

பொதுவாக எதிர்பார்க்கப்படுவது: வயது ஒன்றுக்கு மேல் எட்டுக்குள், எடை 25 கிலோ அல்லது அதற்கு மேல், அதுவும் கொழுப்பால் வந்த எடையாக இல்லாமல், தடுப்பூசிகள் எல்லாம் முறையாகப் போட்டிருக்கவேண்டும், மருந்து எதுவும் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, இதுவரை ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது, சினையாகவோ பாலூட்டிக்கொண்டோ இருக்கக் கூடாது. இனம் ஒரு தடையே இல்லை. நன்கு வளர்ந்த நாட்டு நாயும், ராஜபாளையமும், லாப்ரடாரும், இனம் தெரியாத கலப்பு நாயும் ஒரே வரிசையில்தான். வேட்டை நாயான கிரேஹவுண்டுக்குச் சிவப்பணு அளவு இயல்பிலேயே அதிகம், நெகட்டிவ் பிரிவும் அதிகம் காணப்படும். அதனால் மேற்கு நாடுகளின் ரத்த வங்கிகளில் அதற்குத் தனி மதிப்பு.

பிரிட்டனின் செல்லப்பிராணி ரத்த வங்கி, வெளிநாட்டுக்குப் போய்வந்த நாயிடமிருந்து ரத்தம் வாங்குவதில்லை. காரணம், வெப்ப நாடுகளிலிருந்து பபீசியா, எர்லிக்கியா, லீஷ்மேனியா போன்ற நோய்க் கிருமிகள் கூடவே வந்துவிடுமோ என்ற பயம். அவர்கள் எதை எல்லையில் தடுக்கிறார்களோ, அதற்கு நடுவில்தான் நம் நாய்கள் வாழ்கின்றன. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் நாயின் ரத்தத்தில்கூட உண்ணிக் கிருமி ஒளிந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலில் சாகக் கிடக்கும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உள்ள ரத்தத்தையே ஏற்றுவது எவ்வளவு பெரிய கொடுமை! அதனால் நம் நாட்டில் கொடுக்கும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்வது பிரிட்டனைவிட நூறு மடங்கு முக்கியம். நள்ளிரவு அவசரத்தில் அந்தச் சோதனைகளுக்கு நேரம் இருக்காது. முன்கூட்டியே சோதித்து வைத்த நாய்களின் பட்டியல் இருந்தால் மட்டுமே அது சாத்தியம்.

எப்படி எடுக்கிறார்கள்?

கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் பெரிய ரத்தக் குழாயிலிருந்து. கால் நரம்பில் எடுத்தால் நேரமாகும், ரத்தம் பைக்குள் போகும் முன்பே உறையத் தொடங்கிவிடும். கழுத்தில் ஒரு சிறு பகுதி முடியை மழித்து, சுத்தம் செய்து, மரத்துப்போகும் களிம்பு தடவுவார்கள். நாய் மேசைமேல் ஒருக்களித்துப் படுத்திருக்கும் அல்லது உட்கார்ந்திருக்கும். தலைமாட்டில் ஒருவர் நின்று தடவிக்கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார். பை நிரம்ப ஐந்திலிருந்து பத்து நிமிடம். பிறகு அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, தண்ணீரும் தின்பண்டமும் கொடுப்பார்கள். அன்றைக்குக் கழுத்துப் பட்டைக்குப் பதிலாக உடல் பட்டை போட்டு அழைத்துப் போங்கள். ஓட்டம், நீச்சல், பந்து விளையாட்டு எதுவும் வேண்டாம். இழந்த நீர் அளவு சீக்கிரமே ஈடாகிவிடும், சிவப்பணுக்கள் திரும்ப உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் அடுத்த தானத்துக்கு இரண்டு மூன்று மாத இடைவெளி விடுகிறார்கள்.

நல்ல ரத்த வங்கிகளில் நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதில்லை. நாய் தானாக அமைதியாகப் படுத்திருக்கவேண்டும் என்பதே தகுதிகளில் ஒன்று. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நாம் ரத்தம் கொடுக்கப் போகும்போது படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம். நாய்க்கு யாருக்காகக் கொடுக்கிறோம், ஏன் என்று எதுவும் தெரியாது. அதன் சார்பில் நாம் சம்மதிக்கிறோம். அப்படியானால் அது தன் உடலால் சொல்வதைக் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது. வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டு, நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேசையிலிருந்து இறங்கப் பார்க்கும் நாய் "வேண்டாம்" என்றுதான் சொல்கிறது. அன்று ஊசி குத்தாமல் திரும்பிப் போய்விடவேண்டும். நாலு பேர் அமுக்கிப் பிடித்து எடுப்பதைத் தானம் என்று சொல்ல என்னால் முடியாது.

ஆக்ஸ்போர்டிலிருந்து வேப்பேரி வரை

ரத்தம் ஏற்றும் மருத்துவத்தின் வரலாறே நாயில்தான் தொடங்குகிறது. 1660-களில் ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் லோவர் என்ற மருத்துவர், ரத்தம் வடிக்கப்பட்டுச் சாகும் நிலையில் இருந்த நாய்க்கு வேறு நாயின் கழுத்துத் தமனியிலிருந்து நேரடியாக ரத்தம் செலுத்தி, அதை எழுந்து நடக்க வைத்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1666-இல் அது வெளியானது. ரத்தம் கொடுத்த நாய்கள் பிழைக்கவில்லை. கொடுப்பவரின் உயிரைப் பற்றிய கவலை மிகப் பின்னால்தான் வந்தது.

அந்தக் கவலை இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை என்பதற்குக் கலிஃபோர்னியா ஒரு சான்று. அங்கே வணிக ரீதியான விலங்கு ரத்த வங்கிகள், ரத்தத்துக்காகவே கூண்டில் வளர்க்கப்படும் நாய்களிடமிருந்து எடுக்கும் முறையைத்தான் சட்டம் நீண்ட காலம் அனுமதித்திருந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டுகள் பல அப்படி அடைபட்டுக் கிடந்தன. விலங்கு நல அமைப்புகள் பல ஆண்டுகள் போராடியபின், வீட்டு நாய்கள் தானம் செய்ய வழிசெய்து கூண்டு முறையைப் படிப்படியாக நிறுத்தும் சட்டம் 2021-இல் கையெழுத்தானது.

பிரிட்டனில் 2005-இல் விலங்கு ரத்த வங்கிகளை அனுமதிக்கும்படி விதிகள் மாறின. 2007-இல் பெட் பிளட் பேங்க் யூ.கே. என்ற அறக்கட்டளை தொடங்கியது. வீட்டில் வளரும் நாய்களை அவற்றின் உரிமையாளர்கள் அழைத்துவருகிறார்கள். ரத்தத்தைச் சிவப்பணுவாகவும் பிளாஸ்மாவாகவும் பிரித்துவிடுவதால், ஒரு நாயின் தானம் நான்கு நாய்களுக்கு வரை உதவும். சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம். உறைய வைத்த பிளாஸ்மா ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

நமக்குப் பக்கத்தில், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விலங்குகளுக்கான ரத்த வங்கி இருக்கிறது. பஞ்சாபின் லூதியானாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்திலும் நாய்களுக்கான ரத்த வங்கி உண்டு. மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 2025-இல் விலங்குகளின் ரத்த மாற்றுக்கும் ரத்த வங்கிகளுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பரந்த இந்த நாட்டுக்கு இவை மிகக் குறைவு. மதுரையிலோ தென்காசியிலோ ஒரு நாய்க்கு இரவில் ரத்தம் தேவைப்பட்டால் இன்றும் தெரிந்தவர் வீட்டு நாய்தான் ரத்த வங்கி. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரிக்குப் போய்த் தங்கள் நாயைப் பதிவு செய்யமுடியுமா என்று கேளுங்கள். வேறு ஊரில் இருப்பவர்கள் உங்கள் மருத்துவரிடம், "எங்கள் நாயின் பிரிவைப் பார்த்து, உண்ணிக் கிருமிச் சோதனையும் செய்து, பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். ஒரு மருத்துவமனையில் இப்படிப் பத்து நாய்களின் பெயர் இருந்தாலே அந்த ஊருக்குப் பெரிய பலம்.

பூனைக்கு?

பூனையின் கதை வேறு. அதற்கு ஏ, பி, ஏபி என்று பிரிவுகள் உண்டு, எதிர்ப்பொருளும் இயல்பாகவே இருக்கும். பி பிரிவுப் பூனைக்கு ஏ பிரிவு ரத்தம் முதல் தடவையே, சில மில்லி போனாலே, உயிரைப் பறிக்கலாம். பூனைக்கு முதல் முறையும் பிரிவு பார்க்காமல் ஏற்றவே கூடாது.

ஆனால் வியப்பான ஒன்று: வேறு வழியே இல்லாத நேரத்தில் பூனைக்கு நாயின் ரத்தத்தை ஏற்றியிருக்கிறார்கள். 2013-இல் நியூசிலாந்தின் தௌரங்கா நகரில் எலி விஷம் தின்ற ஒரு பூனையை இப்படி ஒரு லாப்ரடாரின் ரத்தம் காப்பாற்றியது. பூனையின் உடலில் நாயின் சிவப்பணுக்களுக்கு எதிரான வலுவான எதிர்ப்பொருள் பெரும்பாலும் முன்கூட்டியே இருப்பதில்லை என்பதால் இது முடிகிறது. அந்தச் சிவப்பணுக்கள் சில நாட்களே நிற்கும், பிறகு அழிந்துவிடும். அந்தச் சில நாட்களுக்குள் பூனை தன் சொந்த ரத்தத்தை உருவாக்கிக்கொள்ளவேண்டும் அல்லது பொருத்தமான பூனை கிடைக்கவேண்டும். சில நாட்கள் கழித்து நாயின் ரத்தத்தை இரண்டாம் முறை ஏற்றினால் பூனை பெரும்பாலும் பிழைக்காது. இது கடைசிக் கதவு, அதுவும் ஒருமுறைதான் திறக்கும்.

உங்கள் நாய்க்கு ரத்தம் ஏற்றும்போது

வடிகட்டி உள்ள குழாய் வழியாக, முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் வெப்பநிலை, மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். வாந்தி, முகவீக்கம், நடுக்கம், உடலில் தடிப்பு, சிறுநீர் சிவப்பாகப் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள். கூடவே உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்பதால் உங்கள் கண்ணில்தான் முதலில் படும். பிரச்சினை இல்லையென்றால் வேகத்தைக் கூட்டி நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் தடுப்பூசிப் புத்தகத்தில் மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் நாயின் டி.இ.ஏ. 1 பிரிவு, ஏற்றிய ரத்தத்தின் பிரிவு, ஏற்றிய தேதி. அடுத்த முறை வேறு மருத்துவமனைக்கு, வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், கிராஸ் மேட்ச் செய்யாமல் ஏற்றக் கூடாது என்பதை அந்தத் தேதிதான் அவருக்குச் சொல்லும்.